ஏரிக்கரைக் கோட்டையும் பாதியில் நின்ற கதையும்

"ஷியோன் கோட்டையா? போடி! இருபது தடவையாவது போயிருப்பேன். ஊர்லேர்ந்து யார் வந்தாலும் அங்கதானே கூட்டிட்டுப் போவோம்? எனக்கு அங்க பார்க்கிறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

"எனக்கு இருக்கேடி. நான் ஒரு தடவைகூடப் பார்க்கலையே!"

ஜூன் மாதத்துக் காலை நேரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில், நான்காவது மாடி வீடு ஒன்றில் இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இருவரும் திருச்சியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவர் திருமணமாகி 31 ஆண்டுகளுக்கு முன் லோசானுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். இன்னொருவர் திருச்சியிலேயே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி, போன வருடம் ஓய்வு பெற்றவர்.

போன அக்டோபரில் லோசான் தோழியின் கணவர் மாரடைப்பில் காலமானார். ஒரே மகனுக்கு டொரான்டோவில் வேலை. காரியங்கள் முடிந்து அவனும் கிளம்பிப்போன பிறகு, லோசான் தோழி காய்கறி வாங்குவதற்குத் தவிர வெளியே போவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் நீளும் போன் பேச்சு, "நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே?" என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது. அந்த 'நல்லா இருக்கேன்' திருச்சித் தோழிக்குப் பிடிக்கவில்லை. விசா வாங்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

பத்து நாள் பயணத்தில் ஏழு நாள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. எட்டாம் நாள் காலையில் அவர் வேறு வழியில் இறங்கினார்.

"எலுமிச்சை சாதம் கட்டிட்டேன். உருளைக்கிழங்கும் வறுத்தாச்சு. டிபன் பாக்ஸ்ல போட்டதை டைனிங் டேபிள்ல உட்கார்ந்து சாப்பிடச் சொல்றியா?"

லோசான் தோழி ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டினார்.

லோசானிலிருந்து மான்ட்ரோ போகிற ரயிலில் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். ஜெனீவா ஏரி கூடவே வரும். பிரெஞ்சு பேசும் இந்தப் பகுதியில் அதை லெமான் ஏரி என்றுதான் சொல்வார்கள். 73 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 310 மீட்டர் ஆழம். எதிர்க்கரையில் தெரிவது பிரான்ஸ் நாட்டு மலைகள். இடதுபக்கம் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். லாவோ என்ற இந்தச் சரிவை 2007ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கே திராட்சைக்கு மூன்று சூரியன்கள் என்பார்கள். ஒன்று வானத்தில் இருப்பது. இரண்டாவது ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது. மூன்றாவது, பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் வெளியே விடும் கல்சுவர்கள்.

"இதெல்லாம் அவர்தான் சொல்வார்" என்றார் லோசான் தோழி. ரயிலில் ஏறிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மான்ட்ரோவில் இறங்கினால் 201ஆம் எண் பஸ் கோட்டை வாசலிலேயே விடும். ஆனால் ஏரிக்கரையோரம் பூச்செடிகள் வைத்த நடைபாதை இருக்கிறது. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருவரும் நடந்தார்கள். வழியில் ஒரு கையை வானத்தை நோக்கி உயர்த்தியபடி, பத்தடி உயரத்தில் ஒரு வெண்கலச் சிலை. 'குயின்' இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. ஜான்ஸிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். மான்ட்ரோவில் தங்கிப் பாட்டுகளைப் பதிவு செய்தவர். சிலையின் காலடியில் யாரோ புதுப் பூக்கள் வைத்திருந்தார்கள்.

அதைத் தாண்டி நடந்தால், ஒரு திருப்பத்தில் கோட்டை தெரியத் தொடங்கும். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நிற்பது போலத்தான் இருக்கும். உண்மையில் அது கரையை ஒட்டிய ஒரு சிறு பாறைத் தீவு. அந்தப் பாறை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மேலே கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

எழுதும்போது நடுவில் இரண்டு 'எல்' போட்டாலும் உச்சரிப்பது 'ஷியோன்' என்றுதான். 12ஆம் நூற்றாண்டிலேயே இது சவாய் பிரபுக்களின் கையில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் விரிவாக்கிக் கட்டினார்கள். இந்த இடத்தை அவர்கள் பிடித்துவைத்ததற்குக் காரணம் அழகு அல்ல. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஆழமான ஏரி. நடுவில் ஒடுக்கமான ஒரே பாதை. ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குப் போகிற வியாபாரிகள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கோட்டையில் உட்கார்ந்தபடியே சுங்கம் வசூலிக்கலாம்.

அதனால்தான் கோட்டைக்கு இரண்டு முகங்கள். பாதையைப் பார்த்த பக்கம் தடித்த மதில், அரைவட்டக் கோபுரங்கள், அம்பு விடுவதற்கான ஒடுங்கிய சந்துகள். ஏரியைப் பார்த்த பக்கம் பிரபு குடும்பத்துக்கான அகலமான, வேலைப்பாடுள்ள ஜன்னல்கள்.

டிக்கெட் வாங்கிப் பாலத்தைத் தாண்டி முதல் முற்றத்துக்குள் நுழைந்ததும், லோசான் தோழி பழக்கதோஷத்தில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டினார்.

"பையைக் குடு. நான் வெச்சிருக்கேன். நீ போய்ச் சுத்திட்டு வா."

"நீ?"

"நான் எப்பவுமே இங்கதான் உட்காருவேன். அவர் எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போவார். நான் பை, குழந்தை, தள்ளுவண்டின்னு பார்த்துப்பேன். வர்றவங்கள்ல யாருக்காவது முழங்கால் வலின்னா அவங்களுக்குத் துணையா இருப்பேன். கீழ சிறைக்கு நான் போய்ப் பதினஞ்சு வருஷமாவது இருக்கும்."

இருபது தடவை வந்ததன் லட்சணம் இதுதான். திருச்சித் தோழி பையைத் தரவில்லை. தன் தோளில் மாட்டிக்கொண்டு, மறு கையால் இவருடைய கையைப் பிடித்து எழுப்பினார்.

படி இறங்கியதும் வெயில் நின்று, குளுமை வந்தது. சிறை என்றதும் இருட்டான பொந்து ஒன்றை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே கொஞ்சம் திகைத்துப்போவார்கள். பெரிய தேவாலயத்தின் உட்புறம் போன்ற வளைவுக் கூரைகள், வரிசையாகக் கல்தூண்கள். ஒரு பக்கம் கட்டடத்தைத் தாங்கும் பாறை அப்படியே துருத்திக்கொண்டிருக்கிறது. சுவரில் உயரத்தில் சிறு சிறு திறப்புகள். அவற்றின் வழியாக ஏரியின் வெளிச்சம் உள்ளே வந்து, கூரையில் அலையலையாக ஆடுகிறது. அலை சுவரில் மோதும் சத்தமும் கேட்கிறது.

அந்த அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட முடியாது. 1348ல் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் விஷம் கலந்ததாக யூதர்கள் மீது பழி போட்டார்கள். அவர்களில் பலரை இந்தக் கோட்டையில் அடைத்து, சித்திரவதை செய்து, 'ஆமாம்' என்று சொல்லவைத்தார்கள். அப்படி வாங்கிய வாக்குமூலங்கள் பல ஊர்களில் யூதர்களைக் கொல்வதற்குச் சாக்காயின. பிறகு சூனியக்காரிகள் என்று பட்டம் கட்டப்பட்ட பெண்களும் இங்கே கிடந்தார்கள். அவர்கள் பெயரையெல்லாம் யாரும் தேடி வருவதில்லை. இங்கே வருகிறவர்கள் தேடுவது ஒரே ஒரு கைதியைத்தான்.

அவர் பெயர் ஃபிரான்ஸ்வா போனிவார். ஜெனீவாவுக்கு அருகில் இருந்த மடம் ஒன்றின் தலைவர். ஜெனீவா நகரம் சவாய் பிரபுவின் பிடியில் இல்லாமல் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று நின்றவர். 1530ல் பிடித்து வந்து இங்கே அடைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் ஓரளவு மரியாதையாகவே வைத்திருந்தார்கள். அதன்பின் நான்கு ஆண்டுகள் இந்தக் கீழ்த்தளத்தில், தூணோடு சங்கிலி. சங்கிலியின் நீளம் விடும் வரை முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தாராம். அவர் காலடி பட்டுக் கல்தரையே தேய்ந்தது என்று ஒரு கதை உண்டு.

1816 ஜூன் மாதம் ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும் ஏரியில் படகில் சுற்றிவந்தபோது இந்தச் சிறையைப் பார்த்தார்கள். பைரனுக்கு அப்போது 28 வயது. திரும்பும் வழியில் லோசானின் படகுத்துறையான ஊஷியில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே விடுதியில் அடைந்துகிடந்த நாட்களில் அவர் எழுதியதுதான் 'ஷியோன் கைதி'. தூண் ஒன்றில் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கப்படும் 'பைரன்' என்ற செதுக்கலைப் பார்க்க இன்றும் கூட்டம் நிற்கிறது.

அந்தத் தூணின் அருகே லோசான் தோழி நின்றார். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"இங்க நின்னுதான் அவர் கதை சொல்வார். போனிவாரோட ரெண்டு தம்பிகளையும் பக்கத்துத் தூண்கள்ல கட்டிப்போட்டாங்களாம். இவர் கண்ணு முன்னாடியே ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா செத்துப்போயிட்டாங்களாம். கிட்டப் போய்த் தொடக்கூட முடியலையாம். இதைச் சொல்றப்போ அவர் குரலே மாறிடும்டி. கேட்கிறவங்க கண்ணுல தண்ணி வந்துடும். வீட்டுக்கு வந்து மத்தவங்களுக்கும் சொல்வார். எனக்கு மனப்பாடம்."

திருச்சித் தோழி தயங்கினார். முப்பது வருடம் பைரனைப் பாடம் நடத்தியவர். சொல்வதா, விடுவதா?

"ஏன்டி, என்னவோ மாதிரி பார்க்கிறே?"

"இல்ல... அந்தத் தம்பிங்க கதை பைரனோட கற்பனை. நிஜ போனிவாரோட தம்பிங்க யாரும் இங்க கூட அடைபடல. எழுதறப்போ அவரைப் பத்தி எனக்குச் சரியாத் தெரியாதுன்னு பின்னால பைரனே எழுதிவெச்சிருக்கார்."

லோசான் தோழி அவரையே பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார்.

"அப்போ முப்பது வருஷமா வந்தவங்க எல்லார்கிட்டயும் தப்புக் கதையா சொல்லிட்டிருந்தார் மனுஷன்?"

"கிட்டத்தட்ட."

"என் மாமியாரை இங்க அழவெச்சாரேடி! அவங்க ஊருக்குப் போய்க்கூட அந்தத் தம்பிகளுக்காக அழுதாங்களே!"

சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அந்த வளைவுக் கூரையில் பட்டு எதிரொலித்தது. பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், எந்த நொடியில் அழ ஆரம்பித்தார் என்று திருச்சித் தோழிக்கே தெரியவில்லை. எட்டு மாதமாக மகன் முன்னாலும், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னாலும் வராத அழுகை. தோழியின் தோளில் சாய்ந்து, பாறை ஓரமாக நின்று, அழுது தீர்த்தார். திருச்சித் தோழி ஒன்றும் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேள்வி வந்தது.

"சரி, அப்புறம் நிஜமா என்ன ஆச்சு அவருக்கு? இங்கேயே செத்துட்டாரா?"

"உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

"தம்பிங்க சாகிறதோட நிறுத்திடுவார். அதுக்கு மேல கேட்க யாருக்கும் மனசு வராது."

"கவிதையில வர்ற கைதி, வெளிய விடறப்போ பெருமூச்சு விடுவான். அந்தச் சங்கிலியோட அவ்வளவு பழகிப்போயிருப்பான். நிஜக் கதை வேற. 1536ல பெர்ன்காரங்க படையெடுத்து வந்தாங்க. ஜெனீவாவும் ஏரி வழியாப் படகு அனுப்புச்சு. கோட்டையைப் பிடிச்சு போனிவாரை வெளிய கொண்டுவந்தாங்க. அப்போ அவருக்கு 43 வயசு இருக்கும்."

"அதுக்கப்புறம்?"

"1570 வரைக்கும் இருந்தார்."

லோசான் தோழி விரல்விட்டு எண்ணினார். "34 வருஷமா?"

"34 வருஷம். ஜெனீவாவுக்கே திரும்பிப் போனார். நகரத்தோட வரலாற்றை எழுதச் சொல்லி அவர்கிட்ட பொறுப்பைக் குடுத்தாங்க, எழுதினார். தன் புத்தகங்களை எல்லாம் ஊருக்கே குடுத்தார். நாலு கல்யாணம் வேற பண்ணிக்கிட்டார்!"

"அடப்பாவி!"

"நாலும் நல்லா அமைஞ்சுதுன்னு சொல்ல முடியாது. கடன், வழக்குன்னு நிம்மதியும் கம்மிதான். ஆனா இருந்தார்."

இருவரும் படியேறினார்கள். இந்த முறை லோசான் தோழி முற்றத்தில் உட்காரவில்லை. பிரபுவின் படுக்கையறையில் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களின் மிச்சத்தைப் பார்த்தார்கள். சிறு தேவாலயத்தில் மங்கிப்போன வண்ணங்களை அண்ணாந்து பார்த்தார்கள். நேராக ஏரிக்குள் விழும்படி மரப்பலகையில் ஓட்டை போட்ட கழிப்பறையைப் பார்த்து, பள்ளிக்கூடப் பெண்களைப் போலச் சிரித்தார்கள். சவாய் பிரபுக்கள் வருடம் முழுக்க இங்கே வாழவில்லை. கோட்டைக்குக் கோட்டை மாறிக்கொண்டே இருந்தார்கள். மேஜை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் அவர்களோடு வண்டியில் போய் வண்டியில் வரும்.

பெரிய கூடத்தின் ஜன்னல் திண்ணையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே, சிறையின் சுவரில் மோதிய அதே தண்ணீர் வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் பனி மூடிய சிகரங்கள்.

"எட்டு மாசமா நான் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுலயே நடந்துட்டிருக்கேன்டி" என்றார் லோசான் தோழி, வெளியே பார்த்தபடி. "ஒரு நாள் கதவு வரைக்கும் வந்து, சாவியைக் கையில வெச்சுட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துட்டேன். யாரும் என்னைப் பிடிச்சு வைக்கல. எங்க போறதுன்னுதான் தெரியல. எங்க போனாலும் அவரோட போன இடம்."

"இன்னைக்கு வந்தியே."

"நீ இழுத்துட்டு வந்தே."

"எலுமிச்சை சாதம் இழுத்துட்டு வந்துச்சு."

கோட்டைக்கு வெளியே, ஏரியைப் பார்த்த பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் உப்பு கொஞ்சம் தூக்கல். லோசான் தோழி அதைச் சுட்டிக்காட்டினார். ஏழு நாளாக எதைச் சமைத்துப் போட்டாலும் "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் குறை சொன்னதில் திருச்சித் தோழிக்குச் சந்தோஷம்.

திரும்புவதற்கு ரயில் வேண்டாம் என்றவர் லோசான் தோழிதான். கோட்டைப் படகுத்துறையிலிருந்து லோசானுக்குப் படகு போகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ரயில்தான் சீக்கிரம்பார். ஒரு தடவைகூட இந்தப் படகுல வந்ததில்ல."

இந்த ஏரியில் இன்னும் ஓடும் பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் 1904க்கும் 1927க்கும் இடையில் கட்டப்பட்டவை. மரத்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், அரை நாள் நடந்த களைப்பு தெரியாமல் ஊர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். வெவே அருகே தண்ணீருக்குள் குத்தி நிறுத்திய எட்டு மீட்டர் உயர முள்கரண்டி. உணவு அருங்காட்சியகம் ஒன்று வைத்தது. அதற்கு மேலே உள்ள சிற்றூரில்தான் சார்லி சாப்ளின் தன் கடைசி 25 ஆண்டுகள் வாழ்ந்தார். காலையில் ரயிலிலிருந்து பார்த்த திராட்சைச் சரிவு, மாலை வெயிலில் முழுசாக எதிரே விரிந்தது. மூன்று சூரியன் கதையை லோசான் தோழி இன்னொரு முறை சொன்னார். இந்த முறை "அவர் சொல்வார்" என்று சேர்க்கவில்லை.

ஊஷியில் இறங்கியதும் அவர் நேராக மெட்ரோவுக்குப் போகவில்லை. கரையோரம் இருந்த ஓட்டல் ஒன்றின் முன் நின்றார். பைரன் இங்கே அந்தக் கவிதையை எழுதினார் என்பதைச் சொல்லும் பலகை அங்கே இருந்தது.

"எத்தனை வருஷமா இந்த வழியா நடக்கிறேன். இதைப் படிச்சதே இல்லடி."

இரண்டு நாள் கழித்து திருச்சித் தோழி ஊருக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. முதல் வாரம் பத்து நிமிடம். அடுத்த வாரம் கால் மணி நேரம். மூன்றாவது வாரம், வெளியே போகவே பிடிக்கவில்லை என்று மறுபடியும் அழுகை. ஓர் ஊர்ப் பயணம் எட்டு மாதத் துக்கத்தைத் துடைத்துவிடாது என்பது திருச்சித் தோழிக்குத் தெரியும். கேட்டுக்கொண்டார்.

நான்காவது வாரம் போன் வரவில்லை. மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஜெனீவாவின் ஏரிக்கரை, உயரமாகப் பீய்ச்சும் நீரூற்று, ஓரத்தில் ஒரு பெஞ்ச். பெஞ்சின் மேல் ஒரே ஒரு கைப்பை. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

'போனிவார் ஊருக்குத் தனியா வந்திருக்கேன். என் பை மட்டும்தான், வேற யாரோடதும் இல்ல. எலுமிச்சை சாதம் கட்டிட்டு வந்தேன். உப்பு சரியா இருக்கு.'